‘சூழலைப் பொறுத்தது’: அமெரிக்கக் கல்லூரி வளாகங்களில் எது யூத வெறுப்பு?

2023 டிசம்பர் 5. அமெரிக்க நாடாளுமன்றக் குழு ஒன்றின் முன்னால் மூன்று பல்கலைக்கழகத் தலைவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஹார்வர்டின் கிளாடின் கே, பென்சில்வேனியாவின் லிஸ் மகில், எம்.ஐ.டி.யின் சாலி கோர்ன்ப்ளத். எலிஸ் ஸ்டெஃபானிக் என்ற குடியரசுக் கட்சி உறுப்பினர் ஒரே கேள்வியை மாற்றி மாற்றிக் கேட்டார்: யூதர்களை இனப்படுகொலை செய்யச் சொல்லி ஒருவர் குரல் எழுப்பினால் அது உங்கள் பல்கலைக்கழக விதிகளை மீறுமா, மீறாதா? ஆமாம் அல்லது இல்லை, அவ்வளவுதான் வேண்டும். மூன்று பேரும் ஏறத்தாழ ஒரே பதிலைச் சொன்னார்கள். அது சூழலைப் பொறுத்தது.

நான்கு நாளில் மகில் பதவியிழந்தார். ஜனவரி 2ஆம் தேதி கிளாடின் கே விலகினார். பிறர் எழுத்தைத் தன் ஆய்வுகளில் எடுத்தாண்டார் என்ற புகாரும் அதற்குள் சேர்ந்துகொண்டிருந்தது. கோர்ன்ப்ளத் மட்டும் தப்பினார்.

இதில் விசித்திரம் என்னவென்றால், அமெரிக்கச் சட்டம் தெரிந்த பலரும் அந்தப் பதில் சட்டப்படி சரி என்றுதான் சொல்வார்கள். ஆனாலும் கேட்ட யாருக்கும் அதைப் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. சரியான ஒரு பதில் ஏன் இவ்வளவு அசிங்கமாகக் கேட்டது? இந்த ஒரு கேள்வியைப் பிடித்துக்கொண்டு போனால், காசா போரை ஒட்டி அமெரிக்கக் கல்லூரிகளில் நடந்த பெரும் கலவரத்தில் பாதி புரிந்துவிடும்.

முதலில் சொல்

ஆன்டிசெமிட்டிசம் என்பதைத் தமிழில் யூத வெறுப்பு, யூத எதிர்ப்பு என்று எழுதுகிறோம். ‘அரபுகளும் செமிட்டிக் இனத்தவர்தானே, அவர்கள் எப்படி ஆன்டிசெமிட்டிக் ஆக முடியும்?’ என்று நம் ஊரிலும் சிலர் கேட்பதுண்டு. வேர்ச்சொல்லைப் பிரித்துப் பார்த்தால் வாதம் சரியாகத்தான் தெரியும். ஆனால் 1870களின் இறுதியில் ஜெர்மனியில் வில்ஹெல்ம் மார் போன்றவர்கள் இந்தச் சொல்லைப் பரப்பியபோதே அது யூதர்களை மட்டும்தான் குறித்தது. பழைய வெறுப்புக்கு அறிவியல் சட்டை மாட்டிவிட ஒரு சொல் தேவைப்பட்டது, அவ்வளவுதான்.

பொதுவாக இனவெறி என்றால் ஒரு கூட்டத்தைக் கீழானவர்கள் என்று சொல்வது. சாதி பார்த்து வளர்ந்த சமூகத்துக்கு அதை விளக்க வேண்டியதில்லை. யூத வெறுப்பில் இன்னொரு பக்கமும் உண்டு: இவர்கள் ரகசியமாக உலகத்தையே ஆட்டிப்படைக்கிறார்கள், வங்கியும் பத்திரிகையும் போரும் இவர்கள் கையில்தான் என்று சொல்வது. 14ஆம் நூற்றாண்டில் கொள்ளைநோய் பரவியபோது, யூதர்கள் கிணற்றில் விஷம் கலந்தார்கள் என்று சொல்லி ஐரோப்பாவில் ஊர் ஊராகக் கொன்றார்கள். 1903இல் ரஷ்யாவில் அச்சான ஒரு போலி ஆவணம், யூதத் தலைவர்கள் கூடி உலகைப் பிடிக்கச் சதி செய்வதாகக் கதை கட்டியது. போலி என்று நிரூபித்த பிறகும் அது பல மொழிகளில் சுற்றிக்கொண்டே இருக்கிறது. நாஜிகள் கொன்ற 60 லட்சம் யூதர்களின் கதைக்கு இதெல்லாம் முன்கதை. ‘பலசாலியை எதிர்க்கிறோம்’ என்று சொல்லிக்கொள்ள இடம் தருவதால், இந்த வெறுப்பு நியாயத்தின் வேஷத்தில் எளிதாக நடமாடும். நம்மில் பெரும்பாலானோர் ஒரு யூதரையும் நேரில் பார்த்ததில்லை. அதனால் இந்தப் பின்னணி தெரியாமல், ஒரு யூத மாணவர் ஏன் சில வார்த்தைகளுக்கு அப்படித் துடிக்கிறார் என்பது நமக்கு விளங்காது. 2018 அக்டோபரில் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரில் யூத ஜெபாலயம் ஒன்றில் 11 பேரைச் சுட்டுக் கொன்றவனுக்கும் பாலஸ்தீனத்துக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. அவன் ஒரு வெள்ளை இனவெறியன்.

அடுத்த சொல் சியோனிசம். யூதர்களுக்குத் தனி நாடு வேண்டும் என்ற இயக்கம். 1897இல் தியோடர் ஹெர்ஸ்ல் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் அதன் முதல் மாநாட்டைக் கூட்டினார். ஐரோப்பாவில் விரட்டப்பட்ட குடும்பத்தின் பேரனுக்கு அந்தச் சொல் ஒளிய ஓர் இடம். 1948இல் வீட்டைப் பூட்டிச் சாவியோடு வெளியேறிய சுமார் 7 லட்சம் பாலஸ்தீனர்களின் பேரப்பிள்ளைகளுக்கோ அதே சொல், வீடு பறிபோன நாள். அவர்கள் அதை நக்பா, பேரழிவு என்பார்கள். ஒரே வகுப்பில் பக்கத்துப் பக்கத்து இருக்கையில் இந்த இரண்டு பேரப்பிள்ளைகளும் உட்கார்ந்திருப்பதுதான் அமெரிக்கக் கல்லூரி.

2023 அக்டோபர் 7 அன்று, காசாவை ஆண்ட பாலஸ்தீன ஆயுத இயக்கமான ஹமாஸ் இஸ்ரேலுக்குள் புகுந்து சுமார் 1,200 பேரைக் கொன்றது, சுமார் 250 பேரைப் பிணைக்கைதிகளாகப் பிடித்துச் சென்றது. இஸ்ரேல் தொடங்கிய போரில் 2024 ஏப்ரல் முடிவதற்குள் காசாவில் இறந்தவர்கள் 34,000 பேருக்கு மேல் என்றது அங்குள்ள சுகாதார அமைச்சகம். இரண்டு எண்களும் கல்லூரிகளுக்குள் வந்து சேர்ந்தன.

கோடு எங்கே?

இஸ்ரேல் அரசைக் கண்டிப்பது யூத வெறுப்பு ஆகாது. இதை மேடையில் எல்லோரும் ஒப்புக்கொள்வார்கள். கண்டனம் எந்த இடத்தில் வெறுப்பாக மாறுகிறது என்று கேட்டால்தான் சண்டை.

இந்தக் கோட்டைப் போட முயன்ற வரையறைகளில் இரண்டு முக்கியம். ஒன்று, சர்வதேச ஹோலோகாஸ்ட் (நாஜிகள் செய்த யூத இனப்படுகொலை) நினைவுக் கூட்டமைப்பு 2016இல் ஏற்றுக்கொண்டது. சுருக்கமாக ஐ.எச்.ஆர்.ஏ. வரையறை. இதில் 11 எடுத்துக்காட்டுகள். அவற்றில் 7 இஸ்ரேல் தொடர்பானவை. இஸ்ரேல் என்ற நாடு இருப்பதே இனவெறி முயற்சி என்று சொல்வது, இஸ்ரேலின் கொள்கையை நாஜிகளோடு ஒப்பிடுவது எல்லாம் யூத வெறுப்பாக இருக்கக்கூடும் என்கிறது. மற்ற நாடுகளைக் கண்டிப்பது போல இஸ்ரேலைக் கண்டித்தால் அது யூத வெறுப்பு ஆகாது என்றும், இந்த வரையறை சட்டப்படி யாரையும் கட்டுப்படுத்தாது என்றும் அதிலேயே எழுதியிருக்கிறது. சண்டையில் இந்த இரண்டு வரிகளும் பெரும்பாலும் காணாமல் போய்விடும்.

இதன் மூல வரைவை 2000களின் நடுவில் எழுதியதில் முக்கியப் பங்கு கென்னத் ஸ்டெர்ன் என்ற அமெரிக்க வழக்கறிஞருக்கு உண்டு. ஐரோப்பாவில் யூதர்கள் மீதான தாக்குதல்களைக் கணக்கெடுப்பவர்கள் எல்லா நாட்டிலும் ஒரே அளவுகோலைப் பயன்படுத்தட்டும் என்பதுதான் நோக்கம். ஸ்டெர்ன் தன்னைச் சியோனிஸ்ட் என்றே சொல்லிக்கொள்பவர். அவரே, இதைக் கல்லூரியில் பேச்சைத் தண்டிக்கும் விதியாக்காதீர்கள் என்று பல ஆண்டுகளாகத் தலையில் அடித்துக்கொண்டு சொல்லிவருகிறார். கணக்கெடுக்கச் செய்த கருவியைப் பிரம்பாக எடுத்துக்கொண்டார்கள் என்பது அவர் வருத்தம்.

மற்றொன்று, 2021இல் சுமார் 200 அறிஞர்கள் கையெழுத்திட்ட ஜெருசலேம் பிரகடனம். இஸ்ரேலைப் புறக்கணி என்று சொல்வது தன்னளவில் யூத வெறுப்பு இல்லை என்கிறது இது. ஆனால் இஸ்ரேல் செய்வதற்கு எல்லா யூதர்களையும் பொறுப்பாக்குவது யூத வெறுப்பு. ஒருவர் யூதர் என்பதற்காகவே ‘முதலில் இஸ்ரேலைக் கண்டித்துவிட்டுப் பேசு’ என்று கேட்பதும் யூத வெறுப்பு. எனக்கு இந்த இரண்டாவது அளவுகோல்தான் தொடக்க நிலை வாசகருக்குக் கைகொடுக்கும் என்று தோன்றுகிறது. பேச்சு ஓர் அரசை நோக்கிப் போகிறதா, எதிரில் நிற்கும் ஆளின் பிறப்பை நோக்கிப் போகிறதா என்று பார்க்கச் சொல்கிறது.

ஓர் உதாரணம். ‘இஸ்ரேலுக்கு ஆயுதம் கொடுக்காதே’ என்ற அட்டையைக் கல்லூரி மைதானத்தில் ஒருவர் தூக்கிப் பிடிக்கிறார். அது அரசியல். அதே அட்டையை விடுதியில் தேடிப் பிடித்து ஒரு யூத மாணவியின் அறைக் கதவில் மட்டும் ஒட்டுகிறார், அடுத்த நாளும் ஒட்டுகிறார். எழுத்து ஒன்றுதான், ஆனால் இப்போது அது மிரட்டல். அந்த மூன்று தலைவர்கள் சொன்ன ‘சூழல்’ இதுதான்.

அமெரிக்கச் சட்டமும் இப்படித்தான் பிரிக்கிறது. அரசு நடத்தும் பல்கலைக்கழகத்தை அரசியல் சாசனத்தின் பேச்சுரிமைத் திருத்தம் கட்டுப்படுத்தும். கேவலமான பேச்சுக்குக்கூட அங்கே பாதுகாப்பு உண்டு. கொலம்பியா, ஹார்வர்டு போன்ற தனியார் நிறுவனங்களுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. தாங்களே வகுத்த விதிப்படி நடக்கலாம். ஆனால் ஒன்றிய அரசின் பணம் வாங்கும் எல்லோருக்கும் 1964ஆம் ஆண்டின் குடிமை உரிமைகள் சட்டத்தின் ஆறாம் பிரிவு பொருந்தும். இனம், நிறம், பூர்வீகம் ஆகியவற்றின் பேரில் பாகுபாடு கூடாது என்பது அது. மதம் அந்தப் பட்டியலில் இல்லை. அப்படியானால் யூதர்கள்? பொதுவான வம்சாவளி உள்ளவர்கள் என்ற வகையில் அவர்களும் வருவார்கள் என்று 2004 முதல் அரசு விளக்கம் சொல்லிவருகிறது. அதே வழியில் முஸ்லிம், சீக்கிய மாணவர்களும் பாதுகாப்புக் கேட்கலாம். ஒரு மாணவரால் படிக்கவே முடியாத அளவுக்குத் தொல்லை கடுமையாகவோ தொடர்ந்தோ பரவலாகவோ இருந்து, கல்லூரி கையைக் கட்டிக்கொண்டு வேடிக்கை பார்த்தால் அது சட்ட மீறல். ஒரு கோஷம் காதில் விழுந்தது மட்டும் போதாது.

சரி, பதில் சரியானது என்றால் ஏன் அசிங்கமாகக் கேட்டது? முந்தைய பத்தாண்டில் இதே பல்கலைக்கழகங்கள் மற்ற சிறுபான்மையினர் விஷயத்தில் சின்ன வார்த்தைப் பிசகுக்குக்கூட நடவடிக்கை எடுத்திருந்தன, அறிக்கை விட்டிருந்தன. அப்போதெல்லாம் யாரும் சூழலைப் பார்க்கவில்லையே, எங்கள் முறை வந்ததும் மட்டும் சட்டப் புத்தகத்தைத் திறக்கிறீர்களே என்று யூத மாணவர்கள் கேட்டார்கள். அதற்கு நேர்மையான பதில் யாரிடமும் இல்லை என்பதே என் எண்ணம். இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஸ்டெஃபானிக் தன் கேள்விக்கு அடிப்படையாக எடுத்துக்கொண்டது ‘இன்டிஃபாடா’ என்ற கோஷத்தை. அந்தச் சொல்லையும் யூத இனப்படுகொலையையும் ஒன்றாக்கிவிட்டுத்தான் அவர் பொறியை வைத்தார். தலைவர்கள் அந்த இணைப்பைக் கேள்வி கேட்காமல் உள்ளே போய் விழுந்தார்கள்.

இன்டிஃபாடா என்றால் அரபியில் உதறி எழுதல். 1987இல் தொடங்கியதில் கல்லெறிதலும் கடையடைப்பும் வரி மறுப்பும்தான் பலர் நினைவில் நிற்பவை. 2000இல் தொடங்கிய இரண்டாவதில் பேருந்துகளிலும் உணவகங்களிலும் தற்கொலைக் குண்டுகள் வெடித்தன. கோஷம் போடுபவர் முதலாவதை நினைத்துப் போடலாம். கேட்பவருக்கு இரண்டாவதில் இறந்த சித்தப்பா நினைவுக்கு வரலாம். ‘ஆற்றிலிருந்து கடல் வரை பாலஸ்தீனம் விடுதலை பெறும்’ என்பதும் அப்படியே. யோர்தான் ஆற்றுக்கும் மத்தியதரைக் கடலுக்கும் நடுவே எல்லோருக்கும் சம உரிமை என்று ஒருவர் பொருள் சொல்வார். அங்கே யூதர்களுக்கு இடமில்லை என்று இன்னொருவர் காதில் விழும். ஹமாஸின் 2017 ஆவணத்திலும் அந்த எல்லை வருகிறது. வேடிக்கை என்னவென்றால், கடலுக்கும் யோர்தானுக்கும் இடையில் இஸ்ரேலின் ஆட்சி மட்டுமே இருக்கும் என்று 1977இல் இஸ்ரேலின் லிக்குட் கட்சியும் தேர்தல் அறிக்கையில் எழுதியிருந்தது.

கொலம்பியாவில் நடந்தது

2024 ஏப்ரல் 17 விடியற்காலை, நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகப் புல்வெளியில் மாணவர்கள் கூடாரம் அடித்தார்கள். அன்றைக்குத்தான் அதன் தலைவர் மினூஷ் ஷஃபீக், டிசம்பரில் மூவரும் உட்கார்ந்த அதே குழுவின் முன் சாட்சி சொல்ல வாஷிங்டன் போயிருந்தார். மறுநாள் அவர் காவல்துறையை அழைத்தார். நூற்றுக்கு மேற்பட்டோர் கைதானார்கள். கூடாரங்கள் அகற்றப்பட்டன. பக்கத்துப் புல்வெளியில் மறுபடி முளைத்தன. சில வாரங்களில் நாடெங்கும் நூற்றுக்கும் அதிகமான வளாகங்களில் கூடாரம், 3,000 பேருக்கு மேல் கைது. கைதானவர்களில் தமிழ்நாட்டில் பிறந்த மாணவி ஒருவரும் இருந்தார் என்பதால் நம் பத்திரிகைகளிலும் செய்தி வந்தது.

மாணவர்களின் முக்கியக் கோரிக்கை முதலீட்டைத் திரும்பப் பெறு என்பது. பெரிய அமெரிக்கப் பல்கலைக்கழகங்களிடம் நன்கொடையாக வந்து சேர்ந்த மூலதனம் இருக்கும். கொலம்பியாவிடம் 1,300 கோடி டாலருக்கு மேல். அதைப் பங்குச்சந்தை, நிதி நிறுவனங்கள் என்று போட்டு வைத்திருப்பார்கள். இஸ்ரேலின் போரில் லாபம் பார்க்கும் நிறுவனங்களிலிருந்து அந்தப் பணத்தை எடுங்கள் என்றார்கள் மாணவர்கள். இதற்கு முன்னுதாரணம் அதே வளாகத்தில் உண்டு. 1985இல் தென்னாப்பிரிக்க நிறவெறி ஆட்சிக்கு எதிராக மாணவர்கள் ஹாமில்டன் ஹால் வாசலை மறித்தார்கள். அந்த ஆண்டே பல்கலைக்கழகம் தென்னாப்பிரிக்கத் தொடர்புள்ள பங்குகளை விற்க முடிவெடுத்தது. 1968இல் வியட்நாம் போர்க் காலத்தில் பிடிக்கப்பட்டதும் இதே கட்டடம்தான். 2024 ஏப்ரல் 30 அதிகாலை ஒரு குழு கண்ணாடியை உடைத்து அதே ஹாமில்டன் ஹாலுக்குள் புகுந்து, காசாவில் காருக்குள் கொல்லப்பட்ட ஹிந்த் ரஜப் என்ற சிறுமியின் பெயரை அதற்கு வைத்தது. அன்றிரவே காவல்துறை மாடி ஜன்னல் வழியாக ஏறி உள்ளே போனது. ஆகஸ்டில் ஷஃபீக் பதவி விலகினார். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி: காவல்துறையை அழைத்ததற்கு ஆசிரியர்கள் திட்டினார்கள், போதுமான அளவு அடக்கவில்லை என்று நாடாளுமன்ற உறுப்பினர்கள் திட்டினார்கள்.

அந்தக் கூடாரத்தில் யூத வெறுப்பு இருந்ததா? ஒரே வாரத்தின் காட்சிகளைப் பாருங்கள். ஏப்ரல் 20 சனிக்கிழமை இரவு, இஸ்ரேல் கொடியோடு நின்ற யூத மாணவர்களை அம்புக்குறி போட்டுக் காட்டி, ஹமாஸ் ஆயுதப் பிரிவின் அடுத்த இலக்கு இவர்கள்தான் என்ற அட்டையை ஒருவர் பிடித்தார். யூத மாணவர்களைப் பார்த்து ‘போலந்துக்கே திரும்பிப் போ’ என்ற கத்தலும் கேட்டது. போலந்தில் நாஜிகள் என்ன செய்தார்கள் என்று தெரிந்தவருக்கு அது அரசியல் விமர்சனமாகக் கேட்காது. சியோனிஸ்டுகள் வாழத் தகுதியற்றவர்கள் என்று ஒரு மாணவத் தலைவர் பேசிய பழைய காணொளியும் அந்த வாரம் வெளியே வந்தது. பல்கலைக்கழகம் அவரை இடைநீக்கம் செய்தது. யூத மாணவர்களுக்கு வழிகாட்டும் ஒரு ரப்பி (யூத மதகுரு), நிலைமை சீராகும் வரை வீட்டுக்குப் போய்விடுங்கள் என்று செய்தி அனுப்பினார்.

ஏப்ரல் 22 இரவு பஸ்கா பண்டிகை. எகிப்தின் அடிமைத்தனத்திலிருந்து யூதர்கள் விடுதலையானதை நினைத்துக் குடும்பமாக உட்கார்ந்து உண்ணும் சேடர் விருந்தை அதே கூடாரங்களுக்கு நடுவே யூத மாணவர்கள் சிலர் நடத்தினார்கள், முஸ்லிம் நண்பர்களையும் உட்கார வைத்து. போராட்டத்தில் ‘அமைதிக்கான யூதக் குரல்’ என்ற அமைப்பும் இருந்தது. அதன் கொலம்பியா கிளையை 2023 நவம்பரிலேயே நிர்வாகம் இடைநீக்கம் செய்திருந்தது. யூதர்களின் பாதுகாப்பு என்ற பெயரில் யூத அமைப்பு ஒன்றுக்கே தடை!

ஆகவே ‘கூடாரம் யூத வெறுப்புக் கூடாரமா’ என்று மொத்தமாகக் கேட்பதே கேள்வியைக் கெடுத்துவிடுகிறது. யார், யாரைப் பார்த்து, எங்கே நின்று, என்ன சொன்னார் என்று ஒவ்வொன்றாகத்தான் கேட்க வேண்டியிருக்கிறது. சலிப்பான வேலை. தொலைக்காட்சிக்கு அது ஒத்துவராது.

பயம் ஒரு பக்கத்துக்கு மட்டும் சொந்தமாக இருக்கவில்லை. கார்னெல் பல்கலைக்கழகத்தில் யூத மாணவர்களைக் கொல்வேன் என்று இணையத்தில் எழுதிய மாணவர் 2023 அக்டோபர் இறுதியில் கைதாகி, பின்னர் 21 மாதச் சிறைத் தண்டனை பெற்றார். அதே ஆண்டு நவம்பரில் வெர்மான்ட் மாநிலத்தின் பர்லிங்டன் நகரத் தெருவில் பாலஸ்தீன வம்சாவளி மாணவர்கள் மூவர் சுடப்பட்டார்கள். ஒருவருக்கு மார்புக்குக் கீழே செயலிழந்தது. 2024 ஏப்ரல் 30 இரவு லாஸ் ஏஞ்சலீஸின் யு.சி.எல்.ஏ. வளாகத்தில் பாலஸ்தீன ஆதரவுக் கூடாரத்தை எதிர்தரப்புக் கும்பல் தடியும் பட்டாசுமாகத் தாக்கியது; காவல்துறை தலையிட மணிக்கணக்கில் ஆனது. அதே யு.சி.எல்.ஏ. பற்றி ஆகஸ்டில் ஒரு நீதிபதி, யூத மாணவர்களை அவர்கள் நம்பிக்கைக்காக வளாகத்தின் எந்தப் பகுதியிலும் நுழைய விடாமல் யாரும் தடுக்கப் பல்கலைக்கழகம் அனுமதிக்கக் கூடாது என்று உத்தரவிட்டார். இரண்டும் ஒரே கூடாரத்தைச் சுற்றி நடந்தவை.

பணமும் விசாவும்

2025இல் டிரம்ப் மீண்டும் அதிபரானதும் விவகாரம் மாணவர்கள் கையிலிருந்து நழுவியது. யூத வெறுப்பைத் தடுக்கத் தவறியதாகச் சொல்லி, மார்ச் 7இல் கொலம்பியாவுக்கான 40 கோடி டாலர் நிதியை அரசு நிறுத்தியது. மறுநாள், அங்கே போராட்டத்தில் பேச்சாளராக இருந்த மஹ்மூத் கலீலைக் குடியேற்றத் துறை பிடித்துச் சென்றது. அவர் நிரந்தரக் குடியிருப்பு அட்டை வைத்திருப்பவர். குற்ற வழக்கு எதுவும் அவர்மீது போடப்படவில்லை. மூன்று மாதத்துக்கு மேல் லூசியானாவில் அடைபட்டு, ஜூன் 20இல் வெளியே வந்தார். டஃப்ட்ஸ் பல்கலைக்கழகத்தின் துருக்கி மாணவி ருமேசா ஓஸ்டுர்க், கல்லூரிப் பத்திரிகையில் மூன்று பேரோடு சேர்ந்து ஒரு கட்டுரை எழுதியவர். முகமூடி அணிந்த அதிகாரிகள் தெருவில் அவரைப் பிடித்த காணொளி உலகம் சுற்றியது. மேற்படிப்புக்குப் போகும் நம் பிள்ளைகள் இதைக் கவனித்துக்கொள்ள வேண்டும். அங்கே குடிமகன் பேசுவதற்கும் மாணவர் விசாவில் இருப்பவர் பேசுவதற்கும் விலை வேறு.

கொலம்பியா ஜூலையில் பணிந்தது. அரசுக்கு மூன்று ஆண்டுகளில் 20 கோடி டாலர், யூத ஊழியர்களின் புகார்களைத் தீர்க்க 2.1 கோடி டாலர். ஸ்டெர்ன் வேண்டாம் என்று சொல்லிவந்த ஐ.எச்.ஆர்.ஏ. வரையறையையும் ஒழுங்கு நடவடிக்கைக்கு ஏற்றுக்கொண்டது.

ஹார்வர்டு நீதிமன்றம் போனது. அதற்கும் அரசு நிறுத்திய 220 கோடி டாலர் ஆய்வு நிதி முடங்கிக் கிடந்தது, அதில் மருத்துவ ஆய்வுகளும் அடக்கம். எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்திய கதை என்று நினைத்தவர்களில் யூதப் பேராசிரியர்களும் இருந்தார்கள். 2025 ஏப்ரலில்தான் ஹார்வர்டு ஒரே நாளில் இரண்டு அறிக்கைகளை வெளியிட்டிருந்தது: யூத, இஸ்ரேலிய மாணவர்கள் பட்ட அவமானங்களைப் பற்றி ஒன்று, முஸ்லிம், அரபு, பாலஸ்தீன மாணவர்கள் பட்டதைப் பற்றி ஒன்று. இரண்டிலும் மாணவர்கள் சொன்னது கிட்டத்தட்ட ஒன்றுதான்: இங்கே வாயைத் திறக்கப் பயமாக இருக்கிறது.

2025 செப்டம்பர் 3 அன்று பாஸ்டனில் நீதிபதி அலிசன் பரோஸ் தீர்ப்பளித்தார். ஹார்வர்டு வளாகத்தில் யூத வெறுப்பு இருந்தது உண்மை, அதைப் பல்கலைக்கழகம் இன்னும் நன்றாகக் கையாண்டிருக்க வேண்டும் என்று முதலில் எழுதினார். நிறுத்தப்பட்ட ஆய்வுகளுக்கும் யூத வெறுப்புக்கும் சம்பந்தமே இல்லை, அரசு அந்தச் சொல்லைப் புகைத்திரையாகப் பயன்படுத்தியது என்று அடுத்ததாக எழுதினார். நிதியை நிறுத்தியது செல்லாது என்றார். மேல்முறையீடு செய்வோம் என்றது வெள்ளை மாளிகை.